கிணற்றுக்குள் மோட்டார் ரூம்: கொங்கு நாட்டில் ஒரு கோடைப் பயணம்

மே 3, வெள்ளி. காங்கேயத்துக்குத் தெற்கே

நான் கும்பகோணத்துக்காரி. எங்கள் பக்கம் கொல்லைக் கிணற்றில் எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். இங்கே முதல் தோட்டத்தில் கிணற்று மேட்டில் நின்று குனிந்து பார்த்தேன், அடி தெரியவில்லை. சதுரமாக வெட்டிய பெரிய பள்ளம். மேலே பத்து அடி மண்ணுக்குக் கல்கட்டு, அதற்குக் கீழே நேராகப் பாறை. பாறைச் சுவரில் பாதி ஆழத்தில் ஒரு வாசல் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

அந்த வாசலுக்காகத்தான் வந்தோம். கிணற்றுச் சுவரைக் குடைந்து வெட்டிய மோட்டார் ரூம் அது. கூட வேலை பார்க்கும் தோழிக்குக் காங்கேயம் சொந்த ஊர். அவள் சின்ன வயதில் எடுத்த ஒரு மங்கலான படத்தில் இப்படியொரு அறையைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை. அவள் அப்பா நாலைந்து தோட்டங்களில் சொல்லிவைத்தார். உதவிக்கு என் தம்பி. பையில் 200 வாட் விநாடி திறனுள்ள கோடாக்ஸ் பிளாஷ் ஒன்று, சின்ன ஸ்பீட்லைட் பிளாஷ்கள், பிளாஷைத் தூரத்திலிருந்து ரேடியோவில் அடிக்கவைக்கும் டிரிகர், ஹெல்மெட், கயிறு, காற்றைச் சோதிக்கும் மீட்டர்.

தோட்டத்துப் பெரியவர் சாளைத் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். தோட்டத்து வீட்டை இங்கே சாளை என்கிறார்கள். "வாங் அம்மணி, வெயில்ல நிக்காதீங். மொதல்ல மோர் குடிங், அப்புறம் கெணத்தப் பாக்கலாம்" என்றார். மண்பானை மோரில் கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் கிள்ளிப்போட்டுக் கொடுத்தார்கள். நான் கேட்காமலேயே ஆளுக்கு இரண்டு சொம்பு. வெளியே 40 டிகிரிக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தது.

கிணற்றுக்குள் ஏன் அறை என்று தம்பி கேட்டான். பெரியவர் கையாலேயே அளந்து காட்டினார். மேலே இருக்கும் பம்பு தண்ணீரை உறிஞ்சித்தான் தூக்க வேண்டும். காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைக் குழாயில் ஏற்றுகிறது என்பதால், கணக்குப்படி பார்த்தாலே சுமார் 34 அடிக்கு மேல் ஏறாது. நடைமுறையில் 25 அடி ஏறினால் பெரிய விஷயம். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் மோட்டாரும் இறங்கியாக வேண்டும். சும்மா தொங்கவிட முடியாது, மழைக்காலத்தில் ஊற்றெடுத்தால் முழுகிவிடும். அதனால் பாறையைக் குடைந்து மேடை, மேடைக்கு ஓர் அறை. இன்னும் தண்ணீர் இறங்கினால் அதற்குக் கீழே இன்னோர் அறை.

இறங்குவதற்கு முன் பெரியவர் விளக்குப் பற்றவைத்துக் கயிற்றில் கட்டி உள்ளே விடச் சொன்னார். அது இந்த ஊர்ப் பழக்கம். மூடிக் கிடக்கும் கிணற்றில் காற்று கெட்டுப்போயிருக்கலாம், ஆள் மயங்கி விழுந்து, தூக்கப் போனவரும் விழுந்த கதை ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ஆனால் ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு இறங்கும் வரைக்கும் விளக்கு எரியும், மனிதருக்கு அதற்கு முன்பே தலை சுற்றும். மீட்டர் 19.5க்குக் கீழே போனாலே அலறும். இரண்டையும் சேர்த்தே இறக்கினோம். மீட்டர் 20.8 காட்டியது, விளக்கும் நன்றாக எரிந்தது. பெரியவருக்கு விளக்கின் மேல்தான் நம்பிக்கை, எனக்கு மீட்டர் மேல். இருவருக்கும் திருப்தி.

சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளில், இடுப்பில் கயிற்றோடு இறங்கினேன். அறை எட்டுக்கு ஆறு அடிதான் இருக்கும். மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், சிமெண்டு மேடையும் நாலு போல்ட்டும் மிச்சம். சுவரில் மரப்பலகை, அதில் பீங்கான் ப்யூஸ் கேரியர். டார்ச் வெளிச்சத்தில் வெறும் அழுக்குச் சுவர்தான். பிளாஷை ஒரு பக்கமாகச் சுவரை ஒட்டிப் பிடித்து அடித்தேன். கேமராத் திரையில் வந்ததைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பலகைக்கு மேலே விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பழைய பட்டையின் மேலேயே புதுப் பட்டை இட்டிருக்கிறார்கள். அது வருடக்கணக்கில் ஏறி விரற்கடைத் தடிமனுக்குச் சுவரிலிருந்து புடைத்து நிற்கிறது. ஓரங்களில் பெயர்ந்த இடத்தில் வெள்ளையும் மஞ்சளும் சிவப்பும் மாறி மாறி அடுக்கடுக்காக. பக்கத்தில் கரியால் எழுதிய கணக்கு: "பெரியவன் 3, சின்னவன் 3, நடு 2". அண்ணன் தம்பிகள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய நாட்கள்.

மேலே வந்து படத்தைக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அந்த நடு நாந்தானுங்" என்றார்.

கம்மஞ்சோறு கரைத்து, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்துச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். பணம் எடுத்ததற்கு அந்த வீட்டு அம்மா முகம் சுண்டிப்போனது. இனி இந்தப் பயணத்தில் யார் வீட்டிலும் பர்ஸைத் திறப்பதில்லை என்று முடிவு.

மே 4, சனி. படியூர், அறச்சலூர்

இன்று அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். காலை ஆறரைக்கே டீக்கடை பெஞ்சு சுட்டது. டீ 15 ரூபாய். காங்கேயத்தைச் சுற்றிப் போகும் வழியெல்லாம் உலர்களங்களில் தேங்காய்ப் பருப்பு காய்கிறது, அந்த வாசம் காருக்குள் வரைக்கும் வருகிறது.

திருப்பூர் சாலையில் படியூர். இங்கே பூமிக்கடியிலிருந்து பச்சைநீலக் கல் எடுத்திருக்கிறார்கள், பெரில் என்கிற வகை. 1819, 1820 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே சுரங்கம் வெட்டிக் கல் எடுத்தார், பிறகு அது தண்ணீரில் முழுகிப்போனது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் இந்த மாதிரிக் கற்களைப் பட்டை தீட்டி மணி செய்திருக்கிறார்கள். அகழாய்வில் முடிந்த மணியும் முடியாத மணியும் சேர்ந்தே கிடைத்தன. சங்கப் பாடலில் வரும் கொடுமணம் அந்த ஊர்தான் என்கிறார்கள்.

பழைய குழி ஏதாவது மிச்சம் இருக்குமா என்று விசாரித்தோம். காட்டுக்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒரு பள்ளத்தைக் காட்டினார். கல் எடுத்த குழியா, வெறும் பாழுங்கிணறா, அவருக்கும் தெரியவில்லை. எட்டிப் பார்ப்பதற்குள் "அம்மணி, பொறுங்!" என்று அவர் போட்ட சத்தத்தில் நின்றேன். கீழே பாறை விளிம்பில் பெருந்தேன் கூடு, முறம் அகலத்துக்கு, கறுப்பாக நெளிந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு பிளாஷ் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. அந்த மனிதருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினோம். அவர் ஒரு தூக்குப்போசியில் நுங்கு வைத்திருந்தார், மூன்றைத் தோண்டி எங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டுக்குப் பின்னால் போனார்.

மதியம் ஊத்துக்குளி வழியாகச் சுற்றி, ஒரு சின்ன மெஸ்ஸில் அரிசிம்பருப்பு சாதம். மேலே ஊத்துக்குளி வெண்ணெய் ஓர் உருண்டை. 70 ரூபாய்க்கு அப்படி ஒரு சாப்பாடு எங்கள் ஊரில் கிடைக்காது. தம்பி மறுசோறு கேட்டான், பரிமாறிய அக்கா கேட்டதற்கும் மேலே வைத்தார்.

வெயில் தாழ்ந்ததும் அறச்சலூர். நாகமலையில் இருக்கும் குகைத்தளம் கிணறு அல்ல, யாரும் தோண்டியதும் அல்ல. ஆனால் வந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பாறையில் தமிழ் பிராமி எழுத்து. ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து: த தை தா தை த என்று ஆரம்பிக்கிறது. வலமிருந்து படித்தாலும் மேலிருந்து படித்தாலும் அதே வரிசை வருகிற தாள அடைவு. அதைச் சேர்த்தவர் பெயரும் அங்கேயே இருக்கிறது: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் கல்லையும் காசையும் சோதித்துத் தரம் சொல்பவர். காலையில் கல் வெட்டிய ஊர், மாலையில் கல்லுக்குத் தரம் சொன்னவரின் எழுத்து.

இந்த மாதிரி எழுத்துகளின் மேல் சாக்பீஸை இழைத்துப் படமெடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். இழைக்கிறவர் கண்ணுக்கு எது எழுத்தாகப் படுகிறதோ அதுதான் படத்தில் விழும், பாறைக்கும் கேடு. பக்கவாட்டு வெளிச்சம் போதும். பிளாஷைப் பாறையின் தளத்துக்கு ஏறக்குறைய இணையாகப் பிடிக்க வேண்டும். பாறைக்குப் பக்கத்தில் பிடித்தால் கிட்டத்து எழுத்து வெளுத்துப்போகும், எட்டத்து எழுத்து இருண்டுவிடும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி ஆகிவிடும் என்பதுதான் காரணம். தம்பியைப் பத்தடி தள்ளி நிற்கவைத்தேன். அந்தத் தூரத்திலிருந்து அடித்தபோது முதல் வரியிலிருந்து ஐந்தாம் வரி வரைக்கும் ஒரே சீராக எழுந்து வந்தது. இடப்பக்கத்திலிருந்து ஒரு தடவை, வலப்பக்கத்திலிருந்து ஒரு தடவை. உளி பட்ட கீறல் இரண்டிலும் நிழல் மாறி விழும், வெறும் பாறை வெடிப்பு எது என்று அதிலேயே பிரித்துவிடலாம்.

கீழே இறங்கும்போது இருட்டிவிட்டது. மலையடியில் ஒரு பாட்டி "இந்நேரத்துக்கு அங்க என்ன கண்ணு வேலை?" என்று அதட்டினார். எழுத்தைப் படமெடுத்தோம் என்றதும் குரல் மாறியது. அவர் அந்த எழுத்தைப் பார்த்ததே இல்லையாம். கேமராத் திரையில் காட்டினோம். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

மே 5, ஞாயிறு. வெள்ளகோவில் பக்கம்

இந்தக் கிணற்றுக்காகவே இந்தப் பயணம் என்று சொல்லலாம். ஒரே சுவரில் மூன்று மோட்டார் ரூம்கள், ஒன்றன்கீழ் ஒன்று. சுமார் 20 அடியில் முதலாவது, 45 அடியில் இரண்டாவது, 70 அடியில் மூன்றாவது. அடிக்கணக்கு தோட்டக்காரர் சொன்னது. எதிர்ச்சுவரில், மாடு பூட்டிச் சாலில் தண்ணீர் இழுக்கும் கவலை இறைத்த காலத்துக் கல்தூண்கள் இரண்டு இன்னும் நிற்கின்றன. வடக்கயிறு உரசிய இடத்தில் கல் வழவழவென்று குழிந்திருக்கிறது.

ஆண்டுக்கு 700 மி.மீ. மழைகூட ஒழுங்காகக் கிடைக்காத மண் இது, மேற்குமலை மறைத்துவிடுகிறது. பாறைக்கு மேலே இருக்கிற கொஞ்ச மண்ணும் பாறை வெடிப்பும்தான் தண்ணீரைப் பிடித்துவைக்கும். மாடு இறைத்த வரைக்கும் ஊற்று எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவுதான் எடுக்க முடிந்தது. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. 1937இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து கோவையிலேயே மின் மோட்டாரைத் தயாரித்தார்கள். அப்புறம் தோட்டத்துக்குத் தோட்டம் பம்புசெட். அதன் பிறகு தண்ணீர் இறங்கிய கணக்கு முழுவதும் இந்த ஒரு சுவரில் இருக்கிறது. மேல் அறையின் பாறை முழுக்க உளிக்கொத்து, சின்னச் சின்னதாக, நெருக்கமாக. நடு அறையில் வெடிக்குக் குழி போட்ட தடங்கள். கீழ் அறையில் கம்ப்ரஸர் வைத்துத் துளைத்த நீண்ட அரைவட்டக் கோடுகள், ஒன்றுக்கொன்று சமதூரத்தில். அதற்கும் கீழே அடியில் சைடு போர் துளைகள், சுவரைப் பக்கவாட்டில் துளைத்து ஊற்றைத் தேடியது. எல்லாம் காய்ந்து கிடக்கிறது. இப்போது தோட்டத்துக்குத் தண்ணீர், மேலே ஆயிரம் அடிக்கு மேல் போட்ட போர்வெல்லிலிருந்து வருகிறது. கீழே இருந்து தள்ளும் சப்மெர்சிபிள் மோட்டார் வந்த நாளில் இந்த அறைகளின் வேலை முடிந்தது.

மூன்று அறையும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று ஆசை. பொழுது சாயக் காத்திருந்து, எதிர்ச்சுவரில் இருக்கும் திட்டில் கேமரா முக்காலியை நிறுத்தினேன். அறைக்கொரு பிளாஷ், வாசலிலிருந்து தெரியாமல் உள்ளே திருப்பிவைத்து, ஆரஞ்சுத் தாள் மாட்டினோம். குண்டு பல்பு எரிந்த அறைகள் என்பதால் அந்த நிறம்தான் சரி. டிரிகரை அழுத்தினால் மேல் அறை மட்டும் மின்னியது. பாறை மூலையைத் தாண்டி ரேடியோ அலை கீழே போகவில்லை. அப்புறம் கீழ் இரண்டையும் ஸ்லேவ் முறைக்கு மாற்றினோம். வேறொரு பிளாஷின் ஒளி பட்டதும் தானாக அடிக்கும் முறை அது, இருட்டுக் கிணற்றில் ரேடியோவை விட நம்பகமானது. கேமராவை பல்ப் என்கிற முறையில் வைத்து, நானாக மூடும் வரைக்கும் ஷட்டரைத் திறந்துவிட்டேன். தம்பி கறுப்புச் சட்டையோடு படிகளில் இறங்கிக்கொண்டே பெரிய பிளாஷைச் சுவருக்குப் பக்கவாட்டில் விட்டு விட்டு அடித்தான். இருட்டில் அவன் உருவம் படத்தில் விழாது, அடித்த வெளிச்சம் மட்டும் விழும். முதல் முயற்சியில் கார் ஏசியில் குளிர்ந்திருந்த லென்ஸ் கிணற்றுக் காற்றில் வேர்த்துவிட்டது. கால் மணி நேரம் துணியில் பொத்திவைத்துச் சூடேற்றினோம்.

கீழ் அறைக்குப் பின்னால் இன்னொரு பொந்து போகிறது. உள்ளே வௌவால்கள், குட்டிகளோடு. வாசலில் டார்ச்சை அணைத்துவிட்டுத் திரும்பினோம். குட்டி ஈன்றிருக்கும் கூட்டத்தில் பிளாஷ் அடித்தால் தாய் கலைந்து பறக்கும், குட்டி கீழே விழும். அந்தப் படம் வேண்டாம்.

அந்த மூன்று வாசல் படம் வந்தது. தோட்டக்காரர் தன் மகனைக் கூப்பிட்டு, "பார்றா, உங்க அப்பாரு வெட்டுனது மேல, நான் வெட்டுனது கீழ" என்றார். அப்பாரு என்றால் இங்கே அப்பாவைப் பெற்ற தாத்தா. நடு அறை யார் வெட்டியது என்று மகன் கேட்டான். பங்காளி பங்கு என்றார், அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கார் ஏறுவதற்குள் காற்று. அப்புறம் ஆலங்கட்டி மழை, சுண்டைக்காய் அளவுக்கு. இருபது நிமிடம் அடித்து ஓய்ந்தது. கரண்ட் போனது. தங்கிய விடுதியில் ஜெனரேட்டர் இருப்பதாகச் சொல்லி 1,400 ரூபாய் வாங்கியிருந்தார்கள், அது வரவேற்பறைக்கு மட்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. மறுநாளைக்கு பேட்டரி ஏற்றியாக வேண்டும், அந்த ராத்திரியில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. எதிரே இருந்த பேக்கரிக்காரர் இன்வெர்ட்டரில் எங்கள் சார்ஜர்களை வரிசையாகச் செருகச் சொன்னார். கடையைச் சாத்தும் நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வாங்கியது இரண்டு முட்டை பப்ஸ், 50 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா வாங்க மறுத்துவிட்டார்.

மே 6, திங்கள். பெருமாநல்லூர்

காலையில் சந்தகை, தேங்காய்ப்பால். மழைக்குப் பிறகு காற்றில் சூடு குறைந்திருந்தது.

பெருமாநல்லூரில் விவசாயிகளின் நினைவிடம் இருக்கிறது. 1970 ஜூன் 19, மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய உழவர்கள் மூன்று பேர் போலீஸ் சுட்டு இறந்தார்கள். மோட்டாருக்கான கரண்டுக்கு இந்த ஊர் எவ்வளவு விலை கொடுத்தது என்று தெரியாமல், நேற்றுப் பார்த்த அறைகளைப் புரிந்துகொள்ள முடியாது. எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது 1990இல். மாலை வாங்கிப் போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பார்க்க வேண்டிய கிணற்றை அன்றே மூடப்போகிறார்கள் என்று முந்தைய நாள்தான் தகவல் வந்தது. தோட்டத்தை வீட்டுமனைகளாக சைட் போட்டு விற்றாகிவிட்டது. நாங்கள் போனபோது இடித்த வீட்டுக் கழிவோடு டிப்பர் லாரி நின்றது, ஜேசிபியும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஏற்கெனவே பாதி நிரம்பிவிட்டது. ஜேசிபி ஓட்டும் பையனிடம் விஷயத்தைச் சொன்னேன். "எவ்வளவு நேரமாகுமுங்க்கா?" என்றான். இரண்டு மணி நேரம் என்றேன். முதலாளியிடம் போனில் பேசிவிட்டு இன்ஜினை அணைத்தான். அணைத்தது பெரிய உதவி. தூசியில் நேராக பிளாஷ் அடித்தால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி விழும், தூசி படிய அரைமணி நேரம் பிடித்தது. டீசல் புகை கிணற்றுக்குள் இறங்காமலும் இருக்க வேண்டும். மீட்டரை விட்டுப் பார்த்துத்தான் இறங்கினோம்.

உள்ளே ஒரே ஓர் அறை, ஆனால் நல்ல அறை. வாசலுக்கு மேலே செதுக்கிய பிள்ளையார், பக்கத்தில் விளக்குமாடம், எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் ஒட்டுகிறது. ஜேசிபி பையன் தானும் இறங்கி வந்தான். இரண்டாவது பிளாஷைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது, சொன்ன இடத்தில் சொன்ன கோணத்தில் அசையாமல் பிடித்தான். இவன் பக்கத்து வெளிச்சம் பிள்ளையாரின் தும்பிக்கை வளைவை எடுத்துக் கொடுத்தது. அவனே பார்த்துவிட்டு, "அக்கா, இன்னும் கொஞ்சம் கீழ புடிக்கட்டா?" என்று இறக்கினான். அந்தப் படம்தான் நன்றாக வந்தது.

பிள்ளையாரை என்ன செய்வது என்று மேலே ஒரு பேச்சு நடந்தது. விற்றவரும் வாங்கியவரும் இருந்தார்கள். வெட்டி எடுத்தால் பின்னமாகிவிடும், விட்டால் புதைந்துவிடும். கடைசியில் ஒரு தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். விற்றவர் வீட்டு அம்மா கொஞ்சம் அழுதார். எனக்கும் அங்கே நிற்க முடியவில்லை.

பதினோரு மணிக்கு ஜேசிபி மறுபடி ஓட ஆரம்பித்தது. வாங்கியவர் எங்களிடம் வந்து, அறையின் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுக்க முடியுமா, புது வீட்டு ஹாலில் மாட்டுகிறேன் என்றார். விற்றவரும் ஒன்று கேட்டார். இருவருக்கும் இரண்டடிக்கு மூன்றடி பிரிண்ட் என்று எழுதிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் கரூரில் வண்டியை நிறுத்தி ஆளுக்கொரு முட்டைக் கரம், அந்த ஊர் நொறுக்குத்தீனி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போன். விற்றவரின் அண்ணன், சேவூர்ப் பக்கம் தோட்டமாம். அவர் கிணற்றில் கவலை உருளையும் சாலும் அப்படியே இருக்கிறதாம், கீழே இரண்டு ரூம்களும் இருக்கிறதாம். ஆடிக்கு முன்னால் வந்தால் இறங்கலாம், அப்புறம் தண்ணீர் ஏறினாலும் ஏறிவிடும் என்றார். ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.